கடைக்கு வருமான வரி சர்வே வந்தால்: பட்டறிந்த ஒருவரின் வழிகாட்டி

2023 பிப்ரவரி. மாசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எங்களுக்குப் பாத்திரக் கடை, அப்பா தொடங்கியது. காலை பதினொன்றே கால் மணிக்கு ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். சீர்வரிசை எடுக்க வந்த பெண் வீட்டார் என்று நினைத்துக் கடைப் பையன் அண்டாவை இறக்கிக் காட்டத் தொடங்கிவிட்டான். அவர்கள் திரும்பிப் போனபோது மறுநாள் அதிகாலை இரண்டே கால். அதற்குச் சற்று முன்பு, தூக்கக் கலக்கத்தில் நான் போட்ட ஒரு கையெழுத்தைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

வந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை பெரும்பாலும் என்னுடையது. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பதில் சொன்னேன். அந்தத் தெரியாமை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறிவிட்டன. புதிய எண்களையும் இன்றைய வரி விகிதங்களையும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. வந்திருப்பது சர்வேயா, சோதனையா?

ஊரில் எல்லாவற்றுக்கும் ‘ரெய்டு’ என்றே பெயர். எங்கள் கடைக்கு அதிகாரிகள் வந்த அரை மணி நேரத்தில் தெரு முழுக்க அந்தச் சொல் பரவிவிட்டது. சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு.

பிரிவு 133அ-வின்படி நடப்பது சர்வே. வியாபாரம் நடக்கும் இடத்துக்குள், கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே நுழையலாம். கணக்குப் புத்தகங்களைப் பார்க்கலாம், கல்லாவில் உள்ள ரொக்கத்தையும் இருப்புச் சரக்கையும் எண்ணலாம், வாக்குமூலம் எழுதலாம். காரணத்தை எழுத்தில் பதிந்துவிட்டுப் புத்தகங்களை எடுத்துச் செல்லலாம். ஆனால் ரொக்கம், சரக்கு, நகை எதையும் கடையிலிருந்து எடுத்துச் செல்லக் கூடாது. பூட்டை உடைக்கவோ ஆட்களின் சட்டைப் பையைச் சோதிக்கவோ இந்தப் பிரிவில் அதிகாரம் இல்லை.

பிரிவு 132-இன்படி நடப்பது சோதனை. அதற்கு ஆணை வேண்டும். வீட்டுக்குள்ளும் வரலாம், பூட்டை உடைக்கலாம், பணத்தையும் நகையையும் கைப்பற்றலாம், சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் வாங்கலாம். பெண்களைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும். நகை விஷயத்தில் 1994 மே 11 தேதியிட்ட மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அறிவுறுத்தல் ஒன்று உண்டு: திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை கைப்பற்ற வேண்டாம் என்கிறது.

சிறு கடைகளுக்கு வருவது பெரும்பாலும் சர்வேதான். ஆகவே இனி வருவதெல்லாம் அதைப் பற்றியே.

2. முதல் பத்து நிமிடம்

தண்ணீர் கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள். பிறகு அடையாள அட்டையையும் அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. அவர்களே எடுத்து நீட்டுவார்கள். அதிகாரிகள் போல நடித்துப் பணத்தோடு ஓடிய கும்பல்களும் உண்டு, அதற்காகவாவது கேளுங்கள். கடிதத்தில் உங்கள் கடையின் பெயரும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா, எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது, யார் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பாருங்கள். பெயர், பதவி, உள்ளே வந்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தாள் எனக்கு உதவியது.

அடுத்த வேலை ஆடிட்டருக்குத் தொலைபேசி. சர்வேயின்போது அவர் உடன் இருப்பதற்குத் தடை இல்லை. உங்கள் சார்பில் அவர் பதில் சொல்ல முடியாது. ஆனால் இருப்புப் பட்டியல் போடும் முறை தவறாகப் போனால் அங்கேயே சுட்டிக்காட்டுவார். எங்கள் ஆடிட்டர் அன்று திருச்சியில் இருந்தார், வந்து சேர மாலை ஆறு ஆகிவிட்டது. அதற்குள் சரக்கில் பாதியை எண்ணி முடித்திருந்தார்கள். இரண்டாவதாக ஒருவர் எண்ணைக் கைவசம் வைத்திருங்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. எதையும் கிழிக்காதீர்கள். கைபேசியில் எதையும் அழிக்காதீர்கள். கடைப் பையனிடம் பையைக் கொடுத்துப் பின்வாசல் வழியாக அனுப்பாதீர்கள். சாதாரணக் கணக்குப் பிழை, இவற்றில் ஒன்றைச் செய்த நொடியில் ஒளிப்பு ஆகிவிடும்.

கதவைச் சாத்தினால் விசாரணை நின்றுவிடாது. ஒத்துழைக்க மறுப்பவரிடம் பிரிவு 131-இன் அதிகாரங்களைப் பயன்படுத்த வழி இருக்கிறது. நிலைமை சோதனை வரை போகவும் கூடும்.

3. பெரியவர்களின் வாயைப் பற்றி

கடைக்கு மாடியில்தான் எங்கள் வீடு. “பழைய பேரேடெல்லாம் எங்கே இருக்கிறது ஐயா?” என்று ஓர் அதிகாரி அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குப் பெருமை. “1987-லிருந்து எல்லாம் பத்திரமாக மேலே பரணில் வைத்திருக்கிறேன் சார்” என்றார். வீட்டுக் கதவு அப்போதுதான் திறந்தது.

வியாபாரம் நடக்காத இடத்துக்குள் சர்வேக்காக நுழைய வேண்டுமானால், கணக்கோ ரொக்கமோ சரக்கோ அங்கே இருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சூரிய உதயத்துக்குப் பின், அஸ்தமனத்துக்கு முன்தான் நுழையலாம். அப்பா வாய் திறக்காவிட்டால் அம்மா மாடியில் நிம்மதியாகச் சமையலை முடித்திருப்பார்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. கடைக் கணக்கைக் கடையிலேயே வையுங்கள் என்கிறேன். பழைய பேரேடுகளுக்குக் கடைக்குள்ளேயே ஓர் அலமாரி போதும்.

4. சரக்கு எண்ணும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். சிறு வியாபாரிகள் அடிபடுவது இங்கேதான்.

எண்ணுகிறவர்கள் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டைப் பார்த்துப் பட்டியல் போடுவார்கள். சீட்டில் இருப்பது விற்பனை விலை. கணக்கில் இருக்கும் இருப்போ அடக்க விலையில். எங்கள் சீட்டில் விலைக்குக் கீழே அடக்கத்தை எழுத்துக் குறியாக எழுதியிருப்போம், பல கடைகளில் இருக்கும் பழக்கம்தான். அந்தக் குறியை விளக்கிச் சொல்ல அன்று எனக்குத் தயக்கம். ஏதோ ரகசியக் கணக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயத்தின் விலையைக் கீழே பாருங்கள்.

விற்பனை விலையில் அவர்கள் போட்ட மொத்த இருப்பு: 86,40,000 ரூபாய்.
எங்கள் கணக்கின்படி இருப்பு: 58,00,000 ரூபாய்.
‘கணக்கில் வராத சரக்கு’: 28,40,000 ரூபாய்.

இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க எனக்கும் ஆடிட்டருக்கும் ஒன்பது நாள் ஆனது. அந்த 86,40,000-இல் நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் 3,20,000 ரூபாய்க்கு இருந்தன. அவை பட்டறைக்காரர்கள் ‘விற்றால் பணம்’ என்று வைத்துவிட்டுப் போனவை. எங்கள் சரக்கே அல்ல. அடுத்து, சீர்வரிசைக்காகப் பில் போட்டு முடித்த பாத்திரங்கள் 5,80,000 ரூபாய்க்கு. விற்பனைக் கணக்கில் ஏறிவிட்டவை, பெயர் வெட்டுவதற்காகக் கடையில் காத்திருந்தவை. இரண்டையும் கழித்தால் 77,40,000. எங்கள் லாப விகிதமான 18 சதவீதத்தைக் கழித்து அடக்கத்துக்குக் கொண்டுவந்தால் 63,46,800. சரக்கு வந்திறங்கியும் பில்லைக் கணக்கில் ஏற்றாத மூன்று கொள்முதல்கள் 2,90,000 ரூபாய். அதைக் கணக்கு இருப்போடு சேர்த்தால் 60,90,000.

உண்மையான வித்தியாசம் 2,56,800 ரூபாய். இருபத்தெட்டு லட்சம் எங்கே, இரண்டரை லட்சம் எங்கே!

ஆகவே ஒவ்வொரு அடுக்கின் முன்னாலும் நின்று, இது யாருடைய சரக்கு, இது எந்த விலை என்று சொல்லுங்கள். பட்டியலின் தலைப்பிலேயே ‘விற்பனை விலையில் மதிப்பிடப்பட்டது’ என்று எழுதக் கேளுங்கள். பிறர் சரக்கையும் விற்றுவிட்ட சரக்கையும் தனித் தாளில் எழுதச் சொல்லுங்கள். எடை போட்டு விற்பவற்றை எடை போட்டே எழுத வேண்டும். கண்மதிப்பாகக் ‘சுமார் 400 கிலோ’ என்று எழுத விடாதீர்கள். மறுத்தால் சண்டை வேண்டாம், உங்கள் ஆட்சேபத்தை வாக்குமூலத்தில் பதியச் சொல்லுங்கள்.

ஒரு பொறியும் உண்டு. ஓவர்டிராப்ட் வாங்கியிருப்பவர்கள் மாதந்தோறும் வங்கிக்கு இருப்புப் பட்டியல் கொடுப்பார்கள். கடன் வரம்பு குறையாமல் இருக்க அதில் கூட்டி எழுதுவது பலர் செய்யும் காரியம். அதிகாரிகள் அந்தப் பட்டியலையும் கேட்பார்கள். வங்கிக்கு ஒரு எண், வரிக்கு ஒரு எண் என்று கொடுத்திருந்தால் நீங்கள் இருவரில் ஒருவரிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். எவரிடம் என்பதை அங்கே உட்கார்ந்து விளக்குவது சங்கடம்.

5. துண்டுச் சீட்டுகள்

கல்லாப்பெட்டியின் அடியில் அப்பா எழுதிப்போட்ட சீட்டு ஒன்று கிடைத்தது. ‘மணி 12.50, ராசு 2.50, கொல்லுமாங்குடி 8.25.’ லட்சத்தில் எழுதி வைத்த கைமாற்றுக் கணக்கா என்று கேட்டார்கள். அவை கிலோ. பழைய பித்தளை போட்டுப் புதுப் பாத்திரம் எடுத்தவர்களின் எடை. நல்லவேளையாக எடைச் சீட்டுகள் மூன்றும் கம்பியில் குத்தியிருந்தன. இல்லாவிட்டால் இருபத்து மூன்று லட்சத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

சீட்டு எழுதுவதை யாராலும் விட முடியாது. தேதியும் அலகும் சேர்த்து எழுதுங்கள், வேலை முடிந்ததும் கணக்கில் ஏற்றிவிடுங்கள். கைமாற்று விஷயத்தில் இன்னொன்று: 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது பிரிவு 269எஸ்எஸ்-இன்படி தடை செய்யப்பட்டது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதும் 2017 ஏப்ரலிலிருந்து கூடாது. சீர்வரிசைக்குக் கட்டுக் கட்டாகப் பணம் கொண்டுவருகிறவர்களிடம் வங்கி வழியே அனுப்பச் சொல்லுங்கள்.

6. வாக்குமூலம்

இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. கேள்வி, பதில், தட்டச்சு என்று நான்கு மணி நேரம். தட்டச்சு ஆங்கிலத்தில். நான் தமிழில் சொல்கிறேன், அவர் ஆங்கிலத்தில் அடிக்கிறார். இறுதியில் ‘28,40,000 ரூபாயைக் கூடுதல் வருமானமாக ஒப்புக்கொண்டு வரி செலுத்துகிறேன்’ என்று ஒரு வரி. “இதில் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது, நீங்களும் தூங்கலாம்” என்றார் ஒருவர். போட்டுவிட்டேன்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன்.

நினைவில் இல்லாத எண்ணைச் சொல்லாதீர்கள். “கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்” என்பது முழுமையான பதில். மனைவியின் கணக்கு, தம்பியின் நிலம் என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்தவரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேள்வி ஒரு வரி என்றால் பதிலும் ஒரு வரி. கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத மொழியில் இருந்தால், கையெழுத்துக்கு மேல் உங்கள் கைப்பட ‘ஆங்கிலத்தில் உள்ளது, தமிழில் விளக்கக் கேட்டேன்’ என்று நேரத்தோடு எழுதுங்கள். இருப்பு வித்தியாசம் பற்றிய கேள்விக்கு, ‘கணக்கோடு ஒப்பிட்டு 15 நாளில் எழுத்தில் விளக்கம் தருகிறேன்’ என்று பதியச் சொல்லுங்கள்.

கூடுதல் வருமானம் என்று ஒப்புதல் வாங்குவதில் முனையாமல் ஆதாரம் திரட்டுங்கள் என்று தன் அதிகாரிகளுக்கு நேரடி வரிகள் வாரியமே 2003 மார்ச் 10 அன்று அறிவுறுத்தியிருக்கிறது. 2014 டிசம்பரில் மறுபடியும் வலியுறுத்தியது. அதோடு, சர்வேயில் சத்தியப் பிரமாணம் செய்வித்து விசாரிக்க அதிகாரம் இல்லை என்பதால் அந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து வரி போட முடியாது என்று காதர் கான் சன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இது எனக்குத் தெரியவந்தது மூன்றாம் நாள். அன்றிரவு தெரிந்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பேன்.

வரியை அப்போதே காசோலையாக எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். வரி வசூலிப்பது சர்வே பிரிவு தரும் அதிகாரங்களில் இல்லை.

7. ஏன் அவ்வளவு பயம்: 78 சதவீதக் கணக்கு

விளக்கம் இல்லாத வருமானம் என்று முடிவானால், எங்களுக்குப் பொருந்திய ஆண்டில் வரி 60 சதவீதம். அந்த வரியின்மேல் கால் பங்கு கூடுதல் வரி, ஆக 75. அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 78. இருபத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு 22,15,200 ரூபாய். அபராதம் தனி. கடையில் இருந்த எவர்சில்வர் முழுவதையும் விற்றாலும் தேறியிருக்காது.

அதே வித்தியாசம் வியாபார வருமானம் என்று ஏற்கப்பட்டால் சாதாரண விகிதம்தான். கடையின் மற்றச் சரக்கோடு கலந்திருக்கும் சரக்கு, வியாபாரத்திலிருந்தே வந்தது என்பதை வலியுறுத்துங்கள். இந்த வாதத்தை ஆடிட்டரே மறந்தாலும் நீங்கள் நினைவூட்டுங்கள்.

8. மறுநாள் காலை முதல் செய்ய வேண்டியவை

தூங்கி எழுந்ததும், நடந்ததை நேர வரிசையில் எழுதுங்கள். மூன்று நாளானால் பாதி மறந்துவிடும்.

வாக்குமூலம், இருப்புப் பட்டியல், எடுத்துச் சென்ற புத்தகங்களின் பட்டியல் ஆகியவற்றின் நகல் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எனக்கு நகல் கையில் கிடைக்க ஏழு நாள்.

தவறான ஒப்புதலைத் திரும்பப் பெறுவதானால் உடனே செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யோசித்துப் புனைந்த கதை என்பார்கள். நான் பன்னிரண்டாம் நாள் கொடுத்தேன்: நோட்டரி சான்றோடு பிரமாணப் பத்திரம், மேலே சொன்ன கணக்கு, விளக்குப் பட்டறைக்காரர்கள் நால்வரின் கடிதங்கள், சீர்வரிசைப் பில்கள், மூன்று கொள்முதல் பில்கள், அவற்றுக்கு உரிய லாரி ரசீதுகள். வெறும் ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்ற கடிதத்துக்கு மதிப்பில்லை. என்னை யாரும் மிரட்டவும் இல்லை.

எங்களுக்குக் கைகொடுத்த ஆதாரம் எதிர்பாராதது. பெயர் வெட்டிய பாத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும்முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்தோம். குடத்தின் கழுத்தில் பெண்ணின் பெயர், பெற்றோர் பெயரின் முதலெழுத்து, திருமணத் தேதி. பில்லில் உள்ள பெயரும் அதுவே, பில் தேதி சர்வேக்கு முந்தையது. இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்?

நிதியாண்டு முடிவதற்குள் சர்வே நடந்தால், உண்மையான வித்தியாசத்துக்கு உரிய முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் கட்டுங்கள், வட்டி குறையும். பின்னால் ‘புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன்’ போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணிச் சும்மா இருக்காதீர்கள். சர்வே நடந்த ஆண்டுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

9. காலமும் செலவும்

எங்கள் ரிட்டர்ன் 2023-இல் போனது. 2024 ஜூனில் பிரிவு 143(2) நோட்டீஸ். சர்வே நடந்த வழக்குகளைக் கட்டாயப் பரிசீலனைக்கு எடுப்பது வழக்கம் என்பதால் அது வரவே செய்யும், அதிர வேண்டாம். பதில்கள் எல்லாம் இணையதளம் வழியே. 2025 மார்ச்சில் வந்த உத்தரவில் 2,56,800 ரூபாயை மட்டும் வியாபார வருமானமாக எடுத்துக்கொண்டார்கள். வரி சுமார் 80,000. பெரும்பகுதியை முன்பே கட்டியிருந்தோம். ஆடிட்டர் கட்டணம் 60,000. பிரமாணப் பத்திரம், நகல், பயணம் என்று மேலும் ஒன்பதாயிரம். அந்த மாசியில் கைவிட்டுப்போன வியாபாரத்தை நான் கணக்கிடவில்லை.

உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால், கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி படிவம் 35. மதிப்பிட்ட வருமானம் 2 லட்சத்துக்கு மேல் என்றால் கட்டணம் 1,000 ரூபாய்தான். மீதி வரியை நிறுத்திவைக்கப் பொதுவாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். அந்தத் தொகைக்கு முன்கூட்டியே வழி பார்த்து வையுங்கள்.

10. ஜிஎஸ்டி அதிகாரிகள் வந்தால்

இது வேறு சட்டம், பிரிவு 67. ஐஎன்எஸ்-01 படிவத்தில் அங்கீகாரம் கேளுங்கள். இங்கே சரக்கைக் கைப்பற்றவும் அதிகாரம் உண்டு. டிஆர்சி-03 படிவம் வழியாக அங்கேயே ‘தானாக முன்வந்து’ வரி கட்டச் சொன்னால், சோதனையின்போது வற்புறுத்தி வசூலிக்கக் கூடாது என்ற 2022 மே 25 தேதியிட்ட அறிவுறுத்தலை நினைவில் வையுங்கள்.

11. கல்லாவுக்குக் கீழே ஒரு கோப்பு

இப்போது எங்கள் கடையில் சிவப்பு அட்டைக் கோப்பு ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. மூன்று ஆண்டு ரிட்டர்ன்களும் தணிக்கை அறிக்கைகளும், கடைசி ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள், கிடங்கு வாடகை ஒப்பந்தம், வங்கிக்குக் கொடுத்த இருப்புப் பட்டியலின் நகல், பட்டறைக்காரர்கள் விளக்கு வைத்துவிட்டுப் போகும்போது கையெழுத்திடும் சீட்டுகள், பெயர் வெட்டக் காத்திருக்கும் பாத்திரங்களின் பதிவேடு. ரொக்கக் கணக்கை இரவு கடை சாத்துமுன் எழுதிவிடுகிறோம். கொள்முதல் பில் வந்த அன்றே ஏறுகிறது. விலைக் குறியின் விளக்கத்தையும் ஒரு தாளில் எழுதி அதே கோப்பில் போட்டிருக்கிறேன். பாத்திரத்தில் பெயர் வெட்டும் வேலையை மூன்று நாளுக்கு மேல் தள்ளிப்போடுவதில்லை.

12. புத்தகங்கள் திரும்பி வரும்போது

விடுமுறைகள் நீங்கலாக 15 நாளுக்கு மேல் புத்தகங்களை வைத்திருக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும். எங்களுடையவை நான்கு மாதம் கழித்துத் திரும்பின. வாங்கும்போது பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், பக்கங்களை எண்ணுங்கள், பிறகு ரசீதில் கையெழுத்திடுங்கள். அடையாளத்துக்காகப் பக்கங்களில் அவர்கள் எண்ணும் சுருக்கொப்பமும் போட்டிருப்பார்கள். அசிங்கமாக இருக்கிறதே என்று அப்பா ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழிக்கக் கூடாது, வழக்கு முழுவதும் முடியும்வரை அந்தக் குறிகளோடே புத்தகம் இருக்க வேண்டும். ரப்பரை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.